வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது, விசா வரவில்லை. அந்த வசனம் யாருக்கு?

உப்புவெளியாள் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை கொடுப்பது வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய், ஜெபித்து, ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். போன புதுவருடத்துக்கு என் தங்கச்சி எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருமே, அந்த வசனம்.

தங்கச்சியின் கணவர் கனடாவில் இருக்கிறார். ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம் அது. பாஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உனக்குப் பிளேன் ஏறுகிற வருஷம், மகள்" என்று எல்லோர் முன்னாலும் கைவைத்து ஜெபித்தார். அவள் அந்த அட்டையை லெமினேட் பண்ணி, விசா ஃபைலில் முதல் பக்கமாக வைத்தாள்.

ஆவணியில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதைவிட எங்களைச் சுட்டது பிறகு வந்த கதைதான். ஜெபக் கூட்டத்தில் ஒரு அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "வசனம் பொய் சொல்லாது பிள்ளை, உன்ர விசுவாசத்திலதான் எங்கேயோ ஓட்டை" என்றார். அன்றிலிருந்து தங்கச்சி சபைக்கு வருவதில்லை. பைபிளைத் திறப்பதும் இல்லை. "அந்த வசனம் எனக்கென்றால் ஏன் இப்படி நடந்தது? எனக்கில்லை என்றால் ஏன் என் கையில் வந்தது?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

வேதம் படித்தவர்கள் சொல்லுங்கள். யாருடைய சபையையும் ஏசுவதற்காக இதை எழுதவில்லை.

ஜெப வீரன் எழுதியது:

சகோதரி, உங்கள் தங்கச்சிக்காக இப்போதே ஜெபிக்கிறேன். "விசுவாசத்தில் ஓட்டை" என்று சொன்னது பிழை. அட்டை கொடுக்கிற சபையைச் சேர்ந்தவன் என்ற முறையில் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இதை வைத்து, வாக்குத்தத்த அட்டையே குறி பார்க்கிற வேலை என்று யாரும் தொடங்க வேண்டாம். தேவனுடைய வார்த்தை ஜீவனும் வல்லமையும் உள்ளது என்று எபிரெயர் 4:12 சொல்கிறது. உயிருள்ள வார்த்தை இன்றைக்கும் பேசும்.

2004இல் கடல் வந்தது கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், ஞாயிறு காலை. அதே கிழமை வெள்ளிக்கிழமை இரவு வருட முடிவு ஆராதனை. மண்டபத்தில் பாதிப் பேர் யாரோ கொடுத்த உடுப்போடு இருந்தார்கள். என் அம்மாவின் காலில் ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பு. அன்றைக்கு அம்மா எடுத்த அட்டை ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த மனுஷி, அதை வாசித்தவுடன் அப்படியே தரையில் இருந்து அழுதார். அந்த அட்டை இன்னும் அவருடைய பைபிளுக்குள் இருக்கிறது. அது தற்செயலாக வந்தது என்று அவரிடம் போய்ச் சொல்ல என்னால் முடியாது.

கேள்விக்காரன் எழுதியது:

வீரன், அதே மண்டபத்தில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் அதே அட்டையை எடுத்திருந்தால்? "ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை" என்றுதான் அந்த வசனம் தொடர்கிறது. கோபத்தில் கேட்கவில்லை. மெய்யாகவே விளங்கிக்கொள்ளக் கேட்கிறேன்.

ஜெப வீரன் எழுதியது:

அப்படி ஒரு தாய் இருந்தார். அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். அவருக்கு என்ன வசனம் வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது.

மெதடிஸ்த ரீச்சர் எழுதியது:

நான் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாக வாசியுங்கள் பிள்ளைகள்.

எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். அதை மறந்துவிட்டு 11ஆம் வசனத்தை மட்டும் எடுத்தால், யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தில் நடுவிலிருந்து ஒரு வரியை வெட்டியெடுத்தது போலத்தான். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். எருசலேம் நகரம் இன்னும் விழவில்லை. அது விழ இன்னும் பத்துப் பதினொரு வருஷம் இருந்தது. ஆகவே பிடிபட்டுப் போனவர்களுக்கும் ஊரில் எஞ்சியிருந்தவர்களுக்கும் ஒரே நினைப்புத்தான்: கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும், திரும்பி விடலாம்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். கிபியோன் ஊரவன். ஆலயத்தில், ஆசாரியர்களும் சனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வருஷத்துக்குள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தருடைய பெயரால் சொல்கிறான். அப்போது எரேமியாவின் கழுத்தில் ஒரு மரநுகம் இருக்கிறது. பாபிலோனுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கர்த்தர் போடச் சொன்னது. அனனியா அதைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் உடைக்கிறான். அவன் சொன்ன வாக்குத்தத்தத்துக்கு எரேமியா என்ன பதில் சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." 28:6. எத்தனை வருஷம் படிப்பித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் குரல் அடைக்கும். எரேமியாவுக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. நடக்காது என்று தெரிந்தும், அந்த ஆசையை அவர் மறைக்கவில்லை. மரநுகத்துக்குப் பதில் இருப்புநுகம் வரும் என்று கர்த்தருடைய வார்த்தை பிறகு வந்தது. அனனியா அந்த வருஷமே இறந்துபோனான்.

இதற்குப் பின்னால் வருவதுதான் 29ஆம் அதிகாரக் கடிதம். எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் கொடுத்துவிட்டது. கடிதம் என்ன சொல்கிறது? வீடு கட்டுங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். கலியாணம் பண்ணிப் பிள்ளை பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கலியாணம் பண்ணி வையுங்கள். அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். சொப்பனக்காரருக்கும் குறி சொல்கிறவருக்கும் செவி கொடுக்காதேயுங்கள். அதற்குப் பிறகு 10ஆம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகு உங்களைச் சந்திப்பேன். அதை அடுத்துத்தான் 11 வருகிறது.

எழுபது வருஷம் என்று கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரனுக்கு அதன் பொருள் என்ன? நான் திரும்பிப் போக மாட்டேன், என் பேரப்பிள்ளை போகும். யூதரைத் திரும்பிப் போக விட்ட பாரசீக ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539இல். கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பே பாபிலோன் மண்ணில் அடக்கம். அவர்களுக்குச் சொன்ன வசனம்தான் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது.

ஆகவே உப்புவெளிப் பிள்ளைக்கு என் பதில்: அந்த வசனம் உன் தங்கச்சிக்கும் உரியதுதான். அவளுக்கு உரியதாக இல்லாதது அந்தப் பிளேன் வருஷக் கணக்கு. அது அனனியாவின் பக்கத்தில் உள்ளது, எரேமியாவின் பக்கத்தில் இல்லை. வசனம் பொய் சொல்லவில்லை, தங்கச்சியின் விசுவாசமும் குறையவில்லை. வசனத்தில் இல்லாத ஒரு தேதியை யாரோ அதில் ஒட்டிவிட்டார்கள்.

கேள்விக்காரன் எழுதியது:

ரீச்சர், நன்றி. 28ஐயும் 29ஐயும் இப்படிச் சேர்த்து யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மூதூர்க்கரை எழுதியது:

ரீச்சர் எழுதியதை வாசித்துவிட்டு வேலைக்குப் போக மனம் வரவில்லை. ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

நாங்கள் மூதூர் கிழக்கு. 2006இல் யுத்தத்தால் ஊரை விட்டுக் கிளம்பினோம். வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். தகரக் கொட்டில். வெயிலுக்கு உள்ளே இருக்க முடியாது, மழைக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெளியூரிலிருந்து ஊழியக்காரர்கள் வருவார்கள். உதவியும் செய்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர்களில் ஒருவர் வரும்போதெல்லாம், "அடுத்த கிறிஸ்மஸ் உங்கள் சொந்த முற்றத்தில்" என்று தீர்க்கதரிசனம் சொல்வார். நாங்கள் கை தட்டுவோம். என் மாமா ஒருவர் அதை நம்பிக் கூலி வேலைக்குக்கூடப் போகாமல், போக வேண்டிய சாமான் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு இருந்தார். அந்தக் கிறிஸ்மஸ் வந்து போனது. அடுத்ததும் போனது. பிறகு மாமா யாரோடும் சேர்ந்து ஜெபிக்க வரவில்லை.

அம்மம்மா வேறு மாதிரி. வந்த கொஞ்ச நாளிலேயே எங்கேயோ போய் ஒரு முருங்கைத் தடி வாங்கி வந்து கொட்டிலின் பின்பக்கம் ஊன்றினார். பக்கத்தில் பயற்றை போட்டார். எங்களுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் சரிந்து நடக்கிற அளவு இடந்தான். உடுப்புத் தோய்த்த தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து ஊற்றுவார். மற்றவர்கள் சிரித்தார்கள். "ஆரோட நிலத்தில நடுறாய் கிழவி, நாளைக்குப் போகப் போறோம்" என்றார்கள். "போகக்குள்ள போவம், இண்டைக்குக் கறிக்கு என்ன?" என்பார். அந்தப் பயற்றங்காயை நாங்கள் மட்டுமல்ல, அந்த வரிசையே சாப்பிட்டது. சிரித்தவர்களும்தான்.

அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எரேமியா 29:5 அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 2015இல் காணிகளை எங்களிடம் திரும்பத் தரத் தொடங்கியபோது எங்கள் வீட்டிலிருந்து போனது அம்மாவும் நாங்களும். அம்மம்மா அதற்கு முன்பே கிளிவெட்டியில் போய்விட்டார்.

இப்போது ரீச்சர் சொல்கிறார், அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரும்பாலானவர்கள் திரும்பிப் போகவில்லை என்று. அப்படியென்றால் 11ஆம் வசனம் எங்கள் அம்மம்மாவுக்கு நிறைவேறியதா, இல்லையா? அவருக்குச் சமாதானம் இருந்தது. அதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் ஊர் மண்ணைத் தொடவில்லை. இதை எப்படி வாசிப்பது?

மெதடிஸ்த ரீச்சர் எழுதியது:

மூதூர்க்கரை மகள், எபிரெயர் 11ஐ எடுத்துப் பாருங்கள். விசுவாச வீரர் பட்டியல் என்று ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் பண்ண வைப்போம். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள் என்று போகும். அத்தோடு நிறுத்திவிடுவோம். 35ஆம் வசனத்தின் நடுவில் அது திரும்புகிறது. வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் வெட்டப்பட்டார்கள், குகைகளிலே அலைந்தார்கள். முடிவில் 39: "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்."

விசுவாசம் இருந்தது, நற்சாட்சியும் இருந்தது, ஆனாலும் கையில் கிடைக்கவில்லை. வேதமே அப்படி எழுதி வைத்திருக்கும்போது, கிடைக்காத ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து "உன் விசுவாசத்தில் ஓட்டை" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? உப்புவெளிப் பிள்ளை, இந்த வசனத்தை அந்த அம்மாவிடமும் காட்டு. சண்டைக்கு அல்ல. அவருக்கும் ஒருநாள் இது தேவைப்படும்.

உங்கள் அம்மம்மா அந்த 39ஆம் வசனத்து ஆட்களில் ஒருவர். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். நம்மையல்லாமல் அவர்கள் பூரணராகாதபடிக்கு என்று வருகிறது. அவருடைய வாக்குத்தத்தம் உங்களோடு சேர்த்துத்தான் நிறைவேறும் என்று நான் அதை வாசிக்கிறேன்.

பாலையூற்று மைந்தன் எழுதியது:

நான் கத்தோலிக்கன். எங்களிடம் இந்த அட்டை வழக்கம் இல்லை. ஜனவரி 1 மரியா இறைவனின் தாய் பெருவிழா. பூசையில் ஒவ்வொரு வருடமும் ஒரே முதல் வாசகம், எண்ணிக்கை 6:22-27, ஆரோனின் ஆசி. "ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக" என்று தொடங்குவது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோதும் அதுதான், இப்போதும் அதுதான். முன்பு சலிப்பாக இருந்தது. இப்போது அதில் ஒரு ஆறுதல் தெரிகிறது. விசா வந்தவனுக்கும் வராதவனுக்கும் ஒரே ஆசி.

ஜெப வீரன் சகோதரருடைய அம்மாவின் கதைக்கு ஒரு சாட்சி என் பக்கத்திலும் உண்டு. புனித அகுஸ்தினார் கி.பி. 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, "எடுத்து வாசி" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. பவுலின் திருமுகத்தைத் திறந்தார், கண்ணில் பட்டது உரோமையர் 13:13. அங்கேயே மனம் மாறினார். ஆகவே எதேச்சையாக விழுந்த வசனத்தால் கடவுள் பேச மாட்டார் என்று எந்தக் கத்தோலிக்கனும் சொல்ல முடியாது.

ஆனால் அதே அகுஸ்தினார் பிற்காலத்தில் ஆயராக இருந்தபோது யனுவாரியு என்பவருக்கு எழுதிய கடிதத்தில், நற்செய்திப் பக்கங்களைத் திறந்து எதிர்காலம் பார்க்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். பேய்களிடம் போய்க் கேட்பதை விட இது மேல், என்றாலும் உலகக் காரியங்களுக்காக இறைவார்த்தையைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். தோட்டத்தில் அவர் கேட்ட குரல் "உன் வேலை கிடைக்கும்" என்று சொல்லவில்லை. வாழ்க்கையை மாற்று என்றது. அவர் இருந்த பெரிய பதவியைக்கூட விட்டுவிட்டார். என் கண்ணுக்கு வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வசனம் எந்த வழியால் வந்தது என்பதை விட, வந்த வசனத்தை என்ன கேட்டுக்கொண்டு திறந்தோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜெப வீரன் எழுதியது:

ரீச்சருக்கும் மைந்தன் அண்ணாவுக்கும் நன்றி. ஆனால் ஒரு இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. எல்லாம் அந்தக் காலத்து யூதருக்கு, வரலாறு, கி.மு. என்று பார்த்துக்கொண்டு போனால் எனக்கு என்ன மிஞ்சும்? தானியேல் 9:2ஐப் பாருங்கள். தானியேல் எரேமியாவின் சுருளை வாசித்து, எழுபது வருஷம் என்பதைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தான். எழுதப்பட்ட வாக்குத்தத்தத்தைத் தன் காலத்துக்கு உரிமையாக்கினான். நாங்கள் செய்வதும் அதுதானே? "தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம்" என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்கிறது. ஆம் என்றால் ஆம்தான்.

மெதடிஸ்த ரீச்சர் எழுதியது:

தம்பி, நீர் தானியேலைக் கொண்டுவந்தது எனக்குச் சந்தோஷம். மிகச் சரியான இடம். அந்த ஜெபத்தை முழுதாக வாசியும். எழுபது வருஷம் என்று கண்டவுடன் தானியேல் மூட்டை கட்டவில்லை. உபவாசித்து, இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்தார். "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்றுதான் ஜெபம் தொடங்குகிறது. தன் பாவத்தையும் தன் சனத்தின் பாவத்தையும் அறிக்கையிட்டதாக 20ஆம் வசனத்தில் சொல்கிறார், சனத்தோடு சேர்ந்து நிற்கிறார். தனக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. பாழாய்க் கிடக்கிற எருசலேமுக்காகக் கேட்கிறார்.

உரிமையாக்குவது கூடாது என்று நான் சொல்லவில்லை. தானியேல் உரிமையாக்கினது போல ஆக்குவோம் என்கிறேன்.

சங்கீதம் 91ஐயும் யோசியும். நம் வீடுகளில் வாசல் கதவுக்கு மேல் தொங்குகிற சங்கீதம். தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்ற வாக்குத்தத்தத்தை இயேசுவிடம் சொன்னது யார்? லூக்கா 4ஐப் பாரும், பிசாசு. எழுதியிருக்கிறது என்றுதான் சொன்னான். ஆண்டவர் அந்தச் சங்கீதத்தைப் பொய் என்று தள்ளவில்லை. பரீட்சை பார்க்க அதை எடுக்காதே என்றார். அந்த "ஆம்" கிறிஸ்துவுக்குள் என்று பவுல் எழுதும்போது, அவர் நினைக்கிற கிறிஸ்து தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்காமல், சிலுவைக்குப் போன கிறிஸ்து.

எங்கள் மெதடிஸ்த சபையில் புதுவருடத்தில் உடன்படிக்கை ஆராதனை உண்டு. ஜோன் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கினது. நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன். என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி என்ற கருத்தில் எல்லோரும் எழுந்து நின்று சொல்வோம். சொல்லுவது லேசான காரியம் இல்லை. பக்கத்தில் நிற்கிறவருடைய கை நடுங்குவதை நான் கண்டிருக்கிறேன். கடவுள் இந்த வருஷம் எனக்கு என்ன தருவார் என்பதோடு, நான் என்ன கொடுக்கப் போகிறேன் என்பதையும் அதே இரவில் கேட்க வேண்டும். உங்கள் சபைகளில் அட்டை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்த ஜெபத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஜெப வீரன் எழுதியது:

கேட்டுக்கொண்டேன் ரீச்சர். தானியேல் 9ஐ முழங்காலில் இருந்து வாசித்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன்.

டோர்ட்முண்ட் திருமலையான் எழுதியது:

ஜேர்மனியிலிருந்து ஒரு விஷயம். இங்கே நான் போகிற சேர்ச்சில் "லோசுங்கன்" என்று ஒரு சின்னப் புத்தகம் எல்லோர் கையிலும் இருக்கும். ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் தொடங்கியது. 1731இலிருந்து வருஷா வருஷம் அச்சாகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், அதுவும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் இருந்து யோசித்துத் தெரிவு செய்கிறார்கள். அப்புறம் ஒரு ஜெபமோ பாட்டோ இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது, அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வசனம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கும் கலியாண வீட்டுக்காரருக்கும் அதேதான். ஆகவே இது எனக்கான ரகசியச் செய்தி என்று யாரும் ஃபைலுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. சேர்ந்துதான் யோசிக்க வேண்டி வருகிறது.

இன்னொன்று, எரேமியா 29:7. நான் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பல வருடம் பதில் இல்லாமல் இருந்தவன். வந்த புதிதில் இந்த ஊர்க்காரரோடு ஒட்ட மனமே வரவில்லை. என்றைக்காவது திரும்பிப் போகிற ஆள்தானே என்று மொழியைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. ஒரு பழைய பாஸ்டர் 7ஆம் வசனத்தை எடுத்துக் காட்டினார். சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு, அதற்குச் சமாதானம் இருந்தால் உனக்கும் இருக்கும் என்று. யூதர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! தங்களைச் சிறைபிடித்தவனுடைய நகரத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது. உங்கள் தங்கச்சி இப்போது திருகோணமலையை ஒரு வெயிற்றிங் ரூமாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

சகோதரி, ஒரு உலகக் காரியமும் சொல்கிறேன். நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள். மேன்முறையீட்டுக்குக் கால எல்லை இருக்கும். கணவரை அங்கே ஒரு சட்டத்தரணியிடம் உடனே காட்டச் சொல்லுங்கள். ஜெபமும் செய்யுங்கள், இதையும் செய்யுங்கள்.

மூதூர்க்கரை எழுதியது:

திருமலையான் அண்ணா சொன்ன 7ஆம் வசனத்தில் நிற்கிறேன். நம்முடைய பட்டணத்தில் இதைச் செய்வது லேசா? கோணேசர் கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, பௌத்த விகாரையின் பிரித் ஓதல், எங்கள் சேர்ச் மணி எல்லாம் ஒரே காற்றில் கேட்கிற ஊர் இது. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. எங்கள் ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பக் குறிப்பு எழுதி வாங்குவார்கள். வேலை, கலியாணம், விசா, சோதனை, கடன். பட்டணத்துக்காக ஒருவரும் எழுதிக் கொடுத்து நான் கண்டதில்லை. 11ஆம் வசனத்தை எல்லோரும் கேட்கிறோம், அதே கடிதத்தின் 7ஆம் வசனம் தபாலில் தொலைந்துவிட்டது போல நடக்கிறோம். இது எனக்கு உண்மையாகவே நோகிறது.

உப்புவெளியாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரவு தங்கச்சியிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ரீச்சருடைய நீளமான பதிவில் ஒன்றும் சொல்லவில்லை. மூதூர்க்கரை அக்காவின் அம்மம்மா கதையை இரண்டாம் தரமும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "அந்த அம்மம்மாவுக்குக் கடவுளில கோபமே வரேல்லையா எண்டு கேள்" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் கடவுளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

சட்டத்தரணி விஷயத்தை மச்சானுக்குச் சொல்லிவிட்டேன்.

மூதூர்க்கரை எழுதியது:

தங்கச்சிக்குச் சொல்லுங்கள், வந்தது. தாராளமாக வந்தது. இரவில் எல்லோரும் படுத்த பிறகு அம்மம்மா எழும்பி இருந்து சத்தமாகவே சண்டை பிடிப்பார். "உனக்குக் கண் இல்லையா, என்ர மாடு கன்று எல்லாம் எங்க, இந்தப் பிள்ளையள் என்ன செய்ததுகள்" என்று. தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். விடிந்தால் வாளியோடு பயற்றைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே மனுஷிதான்.

பாலையூற்று மைந்தன் எழுதியது:

தங்கச்சி இப்போதைக்குப் பைபிளைத் திறக்க விரும்பினால் திருப்பாடல் 88இலிருந்து, உங்கள் பைபிளில் சங்கீதம் 88இலிருந்து, தொடங்கலாம். தொடக்கத்தில் என் மீட்பின் கடவுளே என்று கூப்பிடுவதைத் தவிர அந்தப் பாடலில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இருளில்தான் முடிகிறது. "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்று கடைசியில் திரும்பவும் இல்லை. அதையும் செபம் என்று எண்ணித்தான் திருநூலுக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஜெப வீரன் எழுதியது:

தானியேல் 9 வாசித்தேன். ரீச்சர், நீங்கள் சொன்னது சரி. அவன் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. 19ஆம் வசனத்தில் நகரத்துக்கும் சனத்துக்கும் என்றுதான் முடிகிறது.

அட்டையை விட்டுவிட வேண்டும் என்று நான் இன்னும் நினைக்கவில்லை. அம்மாவின் அட்டையை நான் மறுக்க மாட்டேன். அதில் கடவுள் தேதி சொல்லவில்லை, கூட இருப்பேன் என்றார், அம்மாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் இந்த வருஷம் எங்கள் சபையில் அட்டை அச்சடிக்கிற வேலை இளைஞர் குழுவிடம் இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். 29:11க்குப் பதிலாக 29:4-14 என்று போட்டு, வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசியுங்கள் என்று கீழே எழுதக் கேட்கப் போகிறேன். மேடையில் நின்று அட்டையைப் பார்த்து வருஷக் கணக்குச் சொல்வதை நிறுத்துவது பற்றியும் பாஸ்டரிடம் கதைப்பேன். மரியாதையாகத்தான்.

கேள்விக்காரன் எழுதியது:

வீரன், அதோடு 7ஆம் வசனத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

உப்புவெளியாள் எழுதியது:

ரீச்சர், ஒரு உதவி. ஞாயிறு பின்னேரம் தங்கச்சி வீட்டில் இருப்பாள். சபைக்கு வர மாட்டேன் என்கிறாள், ஆனால் ரீச்சர் வந்தால் இருந்து கேட்பேன் என்று சொல்கிறாள். உங்களுக்கு முடியுமா? எந்த அதிகாரத்தை முதலில் வாசித்து வைப்பது?

மெதடிஸ்த ரீச்சர் எழுதியது:

வருகிறேன் பிள்ளை. நான்கு மணிக்குப் பிறகு வருகிறேன், வெயில் தாழட்டும். விலாசத்தைத் தனிச் செய்தியில் போடு, இங்கே போடாதே. ஒன்றும் வாசித்து வைக்க வேண்டாம், அவளைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். 27ஆம் அதிகாரத்தில் நுகம் வருகிற இடத்திலிருந்து தொடங்குவோம், அங்கிருந்தால்தான் 29 விளங்கும். மூன்று அதிகாரமும் ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் தேவையில்லை. மூதூர்க்கரை மகளுக்கு வர வசதி என்றால் அவரையும் கூப்பிடு. அந்த லெமினேட் பண்ணின அட்டை ஃபைலுக்குள்ளேயே இருக்கட்டும், எறிந்துவிட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லு.